கரண்ட்டு மாப்பிள்ளையின் கிருமித் தொட்டி

பலகை ஒட்டும் பசை செய்கிற ஆலை அது. முதலாளியின் மகளைக் கட்டியவருக்கு அங்கே 'கரண்ட்டு மாப்பிள்ளை' என்று பெயர். அந்தப் பெயர் வருவதற்கு முன் தொட்ட தொழிலெல்லாம் ஊற்றிக்கொண்டு, மாமனார் வீட்டு சோபாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஊர் வாயை மூட, ஆலைக் கழிவுநீரைச் சுத்தம் செய்கிற வேலையை அவர் தலையில் கட்டினார் மாமனார்.

கழிவில் பீனால் என்கிற விஷம். மாப்பிள்ளை எதையோ படித்துவிட்டு, சேற்றுக் கிருமிகளைத் தொட்டியில் வளர்த்தார். அவை விஷத்தைத் தின்னும்; தின்னும்போது துளி மின்சாரமும் தரும். அதைக் கரித்தண்டுகள் வழியாக இழுத்து ஒரு குட்டி பல்பை எரியவிட்டார். பல்பு கண்ணைத் திறக்கவே யோசித்தது.

பார்க்க வந்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். ரோஷம் வந்த மாப்பிள்ளை, கிருமிகளுக்குச் சர்க்கரையைக் கொட்டினார். பல்பு ஜொலித்தது. பத்திரிகையில் படம் வந்தது. அதன்பின் அவர் நடையே மாறிப்போனது. சாப்பிடும்போதுகூட ஏதோ மேடையில் இருப்பதுபோல் தொண்டையைச் செருமினார்.

ஆலையின் பரிசோதனைக்கூடம் அவர் மனைவியின் பொறுப்பு. தொட்டியிலிருந்து வெளியேறும் நீரைச் சோதித்துவிட்டு வந்து நின்றாள்.

"ஏங்க, உங்க கிருமிங்க சர்க்கரையைத் தின்னுட்டு ஏப்பம் விடுது. விஷம் உள்ள போன மாதிரியே வெளிய வருது."

அவருக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தார். பிறகு, அவள் பார்க்காத நேரமாகப் பார்த்துச் சர்க்கரையை நிறுத்தினார். பசித்த கிருமிகள் மெல்ல மெல்ல விஷத்தில் வாய்வைத்தன. கொஞ்ச நாளில் நீரின் நெடி அடங்கியது. சோதித்த மனைவி முதல்முறையாக அவரைப் பார்த்துச் சிரித்தாள். பல்பு மட்டும் பழையபடி சுருண்டது.

அந்த நேரம் பார்த்துப் பெரிய விருந்தாளிகள் வருவதாகச் சேதி. மாமனார் ஓடிவந்தார்.

"என்ன மாப்பிள்ளை, பல்பு அழுதுகிட்டிருக்கு?"

"மாமா, தண்ணி இப்பதான் சுத்தமாகுது."

"தண்ணியை யாரு மாப்பிள்ளை போட்டோ எடுக்கறாங்க?"

எலக்ட்ரீஷியன் வந்தார். ஆலை லைனிலிருந்து தொட்டிக்குப் பின்னால் ஒயர் இழுத்து, பெரிய பல்பாகவே மாட்டினார். விருந்தாளிகள் கண் கூச நின்று கைதட்டினார்கள். ஒருவர், இதை வைத்து ஆலை முழுவதையும் ஓட்ட முடியுமா என்று கேட்டார்.

மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அடுத்த வருஷம்," என்றார்.

மனைவி பரிசோதனைக்கூடத்துக்குத் திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.