ஏழாவது படம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இது நடந்தது. அதுவும் நள்ளிரவில் இல்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நல்ல வெயிலில். யாருக்கு நடந்ததோ, அவள் கதை கட்டத் தெரியாதவள். பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள். படத்தில் தெரியாத எதையும் நம்ப மாட்டாள்.

பதினாறு வருஷமாக அவளும் அவள் அக்காவும் மட்டுமே இருந்த வீடு அது. அக்கா போய்ப் பதினோரு மாதம். அன்றைக்குக்கூட அவள் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கல் நெஞ்சுக்காரி என்று காதுபடவே சொன்னார்கள். அண்ணன் மட்டும் வாரம் தவறாமல் போன் செய்வான்.

"தனியா உட்கார்ந்து என்ன பண்ணப்போற? சனிக்கிழமை வண்டி அனுப்புறேன். சாமானோட வந்துடு."

ஒருநாள் அவளும் சரி என்றுவிட்டாள். அடுத்துக் குடிவருபவர்களுக்குக் காட்ட, அறைகளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார் வீட்டுக்காரர். அவள் போனின் கேமராவில் கீறல். எதை எடுத்தாலும் பனிமூட்டம். அலமாரியைக் குடைந்ததில் அக்காவின் பழைய கேமரா கிடைத்தது. பின்பக்கத் திரை செத்துப்போயிருந்தது. மேலே இருக்கும் சின்ன ஓட்டை வழியாகப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். உள்ளே மெமரி கார்டு இல்லை. கடையில் முப்பத்திரண்டு ஜிபி கார்டு ஒன்று வாங்கி வந்து போட்டாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

மணி 3.41. முதலில் கூடம். பட்டனை அழுத்தினாள்.

பீப்... பீப்... பீப். மூன்று முறை. பழைய சாமான், அப்படித்தான் கத்தும் என்று விட்டுவிட்டாள். ஒரு நொடி கழித்து, 'டிக்'.

3.43. அக்காவின் அறை. மறுபடி மூன்று பீப். மறுபடி 'டிக்'. ஆனால் அந்தச் சத்தம் கையிலிருந்து வந்த மாதிரி இல்லை.

3.46. பின்னறை. 'டிக்'... வாசற்படிக்கு அந்தப் பக்கமிருந்து.

நடையும் குளியலறையும் முடிந்தன.

3.52. சமையலறை. அழுத்தினாள்.

பீப்... பீப்... பீப்...

மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டிக்.

முதுகுக்குப் பின்னால். ஒரு முழத் தூரத்தில்.

திரும்பினாள்.

யாருமில்லை.

கேமராவை அணைத்துப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். பையை மேடைமேல் வைத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பயத்தில்தான் விம்மல் தொடங்கியது. ஆனால் வந்தது வேறு அழுகை. பதினோரு மாத அழுகை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மாலை ஐந்து மணிக்குக் கார்டை லேப்டாப்பில் செருகினாள். எடுத்தது ஆறு படம். இருந்தது ஏழு.

முதல் படத்தில் கூடம். கூடத்தின் நடுவில்... அவள் முதுகு. கேமராவைக் கண்ணில் வைத்தபடி நிற்கிறாள். இரண்டாவதில் முதுகு இன்னும் கிட்டத்தில். எல்லாமே இடுப்பு உயரத்திலிருந்து எடுத்தவை. அக்கா கடைசி இரண்டு வருஷம் சக்கர நாற்காலியில் இருந்தாள். ஆறாவதில் பின்னலும் பிடரியும் மட்டும்.

ஏழாவதை அவள் திறக்கவில்லை.

மறுநாள் காலை 10.20. கார்டு வாங்கிய கடை.

"கார்டுல என்னமோ கோளாறு. கொஞ்சம் பாருங்க."

கடைக்காரர் கேமராவைப் பார்த்ததுமே சிரித்தார். "இதுக்கா வாங்கினீங்க? இது ரெண்டு ஜிபி காலத்துக் கேமராம்மா. உங்க கார்டு உள்ள போகும், உட்காரும். ஆனா இதால அதைப் படிக்கவும் முடியாது, அதுல எழுதவும் முடியாது. மூணு பீப் அடிச்சிருக்குமே? கார்டு ஒத்துக்கலன்னு அர்த்தம். அப்புறம் படமே எடுக்காது."

"எடுத்துச்சு."

"எடுக்காதும்மா."

ஒயர் போட்டுக் கடை டிவியில் காட்டினார். 'கார்டு எரர்' என்று வந்தது. பிறகு கார்டைத் தன் கம்ப்யூட்டரில் செருகினார். ஏழு படங்கள். எடுத்த கேமரா எது என்ற விவரத்தைத் தட்டிப் பார்த்தார். அவர் கையில் இருந்த அதே கேமரா.

சிரிப்பு நின்றுவிட்டது. ஏழாவதைத் திறந்தார்.

சமையலறைத் தரை. சுவரில் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற அவள் முகம். நேர் எதிரிலிருந்து, குனிந்து பார்ப்பதுபோல் எடுத்த படம். நேரம் 3.58.

அந்த நேரத்தில் கேமரா மேடைமேல், ஜிப் போட்ட பைக்குள் இருந்தது.

"இதை... யாரும்மா எடுத்தது?"

அவள் திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தாள்.

"அழிச்சிடவா?"

"வேண்டாம்" என்று சொல்லிக் கார்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை அண்ணன் அனுப்பிய வண்டி காலியாகவே திரும்பிப் போனது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, காலி செய்யவில்லை என்றாள்.

"அவ்வளவு பெரிய வீட்டுல தனியாவா இருக்கப்போறீங்க?" என்று கேட்டார் அவர்.

அவள் போனை வைத்துவிட்டு, அக்காவின் கேமராவைப் பையிலிருந்து எடுத்து வெளியே வைத்தாள்.