த்வாண்டேயில் வடக்கே தலை வைத்த வீடு

என் தங்கை வள்ளியின் கணவர் இந்த மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்துபோனார். பர்மாக்காரரைக் கட்டினாள் என்ற கோபத்தில் பன்னிரண்டு வருடமாக அந்த வீட்டுப் படி ஏறாதவன் நான். சாவுக்கும் போகவில்லை, அந்த வெட்கம் தாங்காமல்தான் நாற்பது நாள் கழித்துக் கிளம்பினேன். அவளையும் மகளையும் நகரத்தில் தாமுவேயில் உள்ள எங்கள் வீட்டோடு அழைத்து வந்துவிடத் திட்டம். போனில் "வர்றேண்ணே" என்று சொல்லியிருந்தாள்.

காலை ஏழு மணிக்குப் படகு ஏறினால் பத்து நிமிடத்தில் ஆற்றின் அக்கரையில் டல்லா. அங்கிருந்து வள்ளியின் ஊரான த்வாண்டே சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். மோட்டார் சைக்கிள்காரர் பன்னிரண்டாயிரம் கியாட் கேட்டு, பத்தாயிரத்துக்கு இறங்கினார். "லுங்கிய மடிச்சுக் கட்டிக்குங்க, பாதி வழி சேறு" என்றார் பர்மியில். பாதி வழியா? முழு வழியும்தான்.

வாய்க்கால் கரையில் மரக்கால்கள் மேல் நிற்கும் மூங்கில் வீடு. அடியில் விறகும் கோழிகளும், மேலே ஒரே அறை, பின்னால் அடுப்பு. நடுவில் வட்ட மேசையைப் போட்டால் சாப்பாட்டு இடம். அதை நகர்த்திப் பாய் விரித்தால் படுக்கை. சுவரில் உயரமாகப் புத்தர் சிலை வைத்துக் கும்பிடும் பலகை. வாசலில் இரண்டு பைகள் கட்டித் தயாராக இருந்தன.

சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்குச் சற்றுப் படுத்தேன். பலகை இருந்தது வடக்குச் சுவரில். வடக்கே தலை வைக்க மனம் வராமல் தலையணையைத் தெற்கே போட்டேன். கால் நேராகப் புத்தருக்கு நீண்டது. வள்ளியின் மகள் பதறி எழுந்துவிட்டாள்.

"அண்ணே, தலைய இந்தப் பக்கம் வைங்க. நாங்க எல்லாரும் அப்படித்தான் படுக்கிறது" என்றாள் வள்ளி.

"வடக்கேயா?"

"மழையில கிழக்குச் சுவரு சாஞ்சிருச்சு. அவருதான் பலகைய இங்க மாத்துனாரு. ரெண்டு மாசம் இருக்கும்."

"அதான். வடக்கே தலை வச்சா வேற என்ன நடக்கும்?"

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. மாமா என்ன சொன்னார் என்று மகள் பர்மியில் கேட்டாள். வள்ளி எழுந்துபோய்ப் பைகளை அவிழ்த்து, துணிகளைத் திரும்பக் கொடியில் போட்டாள்.

"அங்க வந்தா இதையே தெனம் கேக்கணும்ணே. நீங்க நாலு மணிப் படகப் புடிங்க."

எவ்வளவோ கெஞ்சினேன். அசையவில்லை.

இப்படிப்பட்ட வீடுகளுக்குப் போகிறவர்களுக்கு: சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் படகின் நேரத்தைப் போகும்போதே கேட்டுவிடுங்கள். செருப்பை ஏணிக்குக் கீழேயே விடுங்கள். உள்ளே போனதும் பலகை எந்தச் சுவரில் இருக்கிறது என்று பாருங்கள். எந்தத் திசையானாலும் தலையை அந்தப் பக்கம் வைத்து, வாயை மூடிக்கொண்டு படுங்கள். நான் அதைச் செய்யவில்லை. தாமுவே வீட்டில் அவர்களுக்கென்று ஒழித்து வைத்த அறையில் இப்போது என் துணிதான் காய்கிறது.