கொட்டும் மழைக்குள் எல்லோரையும் வெளியேற்றினார்

யுத்தம் முடிந்து, தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து எங்கள் ஊரான பாப்பாமோட்டைப் பக்கம் நாங்கள் திரும்பி வந்த முதல் மாரி அது. ஊரில் ஓட்டு வீடுகள் எல்லாம் வெறும் சுவர்களாக நின்றன. ஓடுகளையும் மரங்களையும் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். என் மாமனார் முன்பு கட்டிய கொங்கிறீட் வீடு மட்டும் கூரையோடு இருந்தது. சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு குடிபுகுந்தோம்.

கொஞ்ச நாளில் கூரைத் தட்டின் அடியில் நீளநீளமாக மண்ணிறக் கோடுகள் தெரிந்தன. சாந்து செதில்செதிலாக விழும். நான் கூட்டி அள்ளுவேன். முன்கதவு இறுகிக்கொண்டே வந்தது. மழைக்கு மரம் ஊதிவிட்டதென்று என் கணவர் அதைச் சீவிச்சீவிப் பூட்டினார். ஷெல் வரும் சத்தத்தை வைத்தே அது எந்தப் பக்கம் விழும் என்று சொல்லப் பழகியிருந்த எங்களுக்கு, இருந்த வீடு சொன்னது விளங்கவில்லை.

ஒரு நாள் பகல், பெருமழையில் அயலிலிருந்த தகரக் கொட்டில்களுக்குள் வெள்ளம் புகுந்தது. எல்லோரும் பிள்ளைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நான் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது பெரிய சாந்துக் கட்டியொன்று தரையில் விழுந்தது. கணவர் அண்ணாந்து பார்த்தார். நடு பீமில் விரல் நுழையுமளவு வெடிப்பு.

“எல்லாரும் வெளியில போங்கோ! உடன போங்கோ!”

ஒருவருக்கும் விளங்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “இந்த மழைக்குள்ள பிள்ளையளைத் துரத்துறியள். உங்களுக்கு மட்டும் கூரை இருக்கெண்ட திமிரோ?”

கணவர் பிள்ளைகளைத் தூக்கித்தூக்கி வாசலில் நின்ற என்னிடம் தந்தார். மற்றவர்களும் வெளியே வந்துவிட்டார்கள். அந்த அக்கா மட்டும் வீம்புக்குச் சுவரோடு சாய்ந்து இருந்தார். கணவர் திரும்ப உள்ளே போய், அவரை இழுத்து வந்து வாசலால் தள்ளிவிட்டார். அக்கா சேற்றில் குப்புற விழுந்தார். எழும்புவதற்குள், உள்ளே நின்ற அவர் மேல் கூரைத் தட்டு இடிந்து இறங்கிவிட்டது.

வெறுங்கையாலும் அலவாங்குக் கம்பியாலும் கிளறினோம். அக்காவின் நகங்கள் பிய்ந்து இரத்தம் வடிந்தது. எடுத்தபோது என் கணவருக்கு உயிரில்லை.

இடிபாட்டை அகற்ற வந்த மேசன்தான் விளங்கப்படுத்தினார். கடல் மணலில் குழைத்த கொங்கிறீட். உப்பு உள்ளே கம்பியைத் தின்றுவிட்டது. நாங்கள் மழை ஒழுக்கு என்று நினைத்த கோடுகள் துரு. கதவு இறுகியது, மேலே பீம் தொய்ந்ததால்.

கனகாலம் அந்த அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாள் அவரே வந்தார்.

“நான் சொன்ன சொல்லோடதானே அவர் போனவர்,” என்று அழுதார்.

“அவருக்கு அது காதில விழுந்திராது அக்கா,” என்றேன். விழுந்ததா இல்லையா, எனக்குத் தெரியாது.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் மேலேதான் போகிறது. கோடோ வெடிப்போ கண்டால், மேசனைக் கூப்பிட்டுக் காட்டுங்கோ என்று சொல்லிவிடுகிறேன். தங்கள் புது வீட்டைப் பார்த்து எரிச்சலில் சொல்கிறேன் என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. சுளிக்கட்டும், உயிரோடு இருந்து என்னைத் திட்டட்டும்.