உச்சிப்பொழுதில் தண்ணீர்ச் சத்தம்

"தப்… தப்… தப்" என்று ஆற்றுத் தண்ணீரைக் காலால் அடிக்கிற சத்தம். துணி துவைக்கிற சத்தம் கல்லில் விழும். இது தண்ணீரிலேயே விழுந்தது. வெயில் தலைக்கு நேரே நிற்கிற "உச்சிப்பொழுதில்", தாமிரபரணியில் ஒருவரும் இறங்காத நேரத்தில், எங்கள் ஊர்ப் படித்துறையிலிருந்து அது வந்துகொண்டிருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். எதிர்வீட்டுப் பிச்சம்மாள் அத்தையின் மகன் முத்து அந்தப் படித்துறையில்தான், அந்த நேரத்தில்தான், ஆற்றோடு போயிருந்தான். நீச்சல் தெரியாத அத்தை, சேலையின் முந்தியை வீசிப் பார்த்துவிட்டு இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கதறியது தெருவுக்கே கேட்டது. உடம்பு கிடைக்கவில்லை. கொஞ்ச நாளில் இந்தச் சத்தம் தொடங்கியது. "முத்துதாம் கரையேறத் தவிக்கான். உச்சியில அங்கன போவாதிய" என்றார்கள் பெரியவர்கள். போய்ப் பார்த்தவர் யாருமில்லை.

மதியம் சாப்பிட்டுவிட்டு நான் பள்ளிக்கூடம் திரும்புகிற வழி அந்தப் படித்துறையை ஒட்டியது. நானோ நடக்காததை எல்லாம் நினைத்து நடுங்குகிற பிள்ளை. சத்தம் என் பின்னாலேயே நடந்து வருகிற மாதிரி இருக்கும். முதலில் மதியம் மட்டும் போகாமலிருந்தேன், பிறகு போகவே இல்லை. ஏழாம் வகுப்போடு சரி. "பயந்தாங்கொள்ளிக்குப் படிப்பு எதுக்கு, பீடி சுத்தட்டும்" என்று அம்மா இலையும் தூளும் போட்ட முறத்தை மடியில் வைத்தாள்.

ஒருநாள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய ஆட்டுக்குட்டியைத் துரத்தி, நேரம் பார்க்காமல் படித்துறைக்கே போய்விட்டேன். கடைசிப் படியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, ஒரு பெண் காலடித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தியபோதுதான் பிச்சம்மாள் அத்தை என்று தெரிந்தது.

"ஏட்டி, பயந்துட்டியா? யார்ட்டயும் சொல்லிராத. பேரன் எடுக்கிற வயசுல நீச்சு படிக்காளாம்னு சிரிப்பாவ."

"எதுக்கு அத்தை, இந்நேரத்துல?"

அத்தை மேலே ஏறி வந்து உட்கார்ந்து, கூந்தலைப் பிழிந்தாள்.

"இப்பந்தாம் ஒருத்தரும் வரமாட்டாவ. நான் படிச்சிட்டேம்னா அவனுக்குச் சொல்லிக் குடுத்துருவேம்லா."

அவள் கால் இரண்டும் காய்ந்த படியில் இருந்தன. "தப்… தப்" என்று தண்ணீரில் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கப் போனேன்.

"அங்கன பாக்காதட்டி" என்றாள் அத்தை. "கூச்சப்படுவான்."

மீன் துள்ளியிருக்கும், காற்றில் அலை மோதியிருக்கும் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்று காற்று இல்லை.

அத்தை விடவில்லை. படியை விட்டாள், இடுப்பளவிலிருந்து கழுத்தளவுக்குப் போனாள், அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் அக்கரை மருதமரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். விடாமுயற்சி என்று மேடையில் அழகாகப் பேசுகிறார்கள். நான் பார்த்த விடாமுயற்சிக்குக் கிட்டே நிற்கவே பயமாக இருந்தது. அவள் பழகிய சத்தத்துக்குப் பயந்துதான் என் படிப்பு நின்றது என்று கடைசிவரை அவளிடம் நான் சொல்லவில்லை.

இப்போது பாளையங்கோட்டையில் இருக்கிறேன். அத்தையும் போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டுக்கு வீடு குழாய் வந்த பிறகு ஊரில் ஆற்றுக்கு ஆளில்லை. அவள் பிடித்திருந்த படி சேற்றுக்குள், அதன்மேல் ஆகாயத்தாமரை. "உச்சியில போவாத" என்று தடுக்கவும் யாருமில்லை. போன மாதம் ஊரில் ஒரு துட்டி வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனவள், வெயில் தலைக்கு நேரே நிற்கையில் அங்கே போய் நின்றேன்.

கேட்டது. ஆனால் பழைய தவிப்பு இல்லை. நீச்சல் நன்றாகத் தெரிந்த இரண்டு பேர், அவசரமில்லாமல், பையக் கைபோட்டு அக்கரைக்குப் போகிற சத்தம்.