அந்தோணி சொன்ன ஆறு மணி

இது நடந்தது. நம்பாதவர்கள் தலைநகரத்து மோதி பாக் குவார்ட்டர்ஸில் சிவஞானத்தின் வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம். டி.வி.யின் முகம் இன்றைக்கும் சுவரைப் பார்த்துத்தான் இருக்கிறது.

எண்பத்தாறு டிசம்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சிவஞானம் ஒரு காலத்தில் போர் விமானம் ஓட்டியவர். முதுகெலும்பில் அடிபட்ட பிறகு ஆபீஸ் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டரை டி.வி.யில் மாட்டி, விமானச் சண்டை விளையாட்டில் மூழ்கியிருந்தார். எதிரி விமானம் சட்டென்று வளைந்தது.

"அவன்கூடவே வளையக் கூடாது வடிவு. வளைஞ்சா நம்ம வேகம் செத்துரும். மேலே ஏறி, அவன் முதுகுல இறங்கணும்."

"அச்சா, நீங்க இறங்குங்க. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு."

மந்திர் மார்க்கில் தங்கை வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள் அவர் மனைவி வடிவு.

அப்போதுதான் டி.வி. பேசியது.

"சிவா... ஆறு மணி."

அந்த விளையாட்டில் என்ஜின் இரைச்சலைத் தவிர வேறு சத்தமே கிடையாது.

வடிவு தலை வாரிய கையை நிறுத்தினாள். "ஏங்க... அந்தோணி அண்ணன் குரல்தான அது?"

அவருக்கும் அப்படித்தான் கேட்டது. அந்தோணி பக்கத்து விமானத்தில் கூடவே பறந்து அவர் முதுகைக் காத்தவன். ரேடியோவில் இங்கிலீஷ்தான் பேச வேண்டும். பதறினால் அவனுக்குத் தமிழ்தான் வரும். ஆறு வருஷத்துக்கு முன் பாலைவனத்தில் விழுந்து எரிந்துபோனான்.

"ஆறு மணி பஸ்ஸத்தான சொல்றாரு? போக வேணாங்கிறாரோ?"

"பைத்தியம். அது டைம் இல்லடி. விமானத்துல மூக்குப் பக்கம் பன்னிரண்டு, வால் பக்கம் ஆறு. பின்னாடி எதிரின்னு அர்த்தம்."

விமானத்தைத் திருப்பினார். பின்னால் யாருமில்லை. வெறும் வானம்.

"சிவா... ஆறு மணி!"

இப்போது குரலில் கெஞ்சல்.

நாற்காலியோடு திரும்பினார். பின்னால் வடிவு மட்டும். கையில் பை. மணி ஐந்து நாற்பது.

"பயமா இருக்குங்க."

"பயந்தா நான்தான் பயப்படணும். எனக்குத்தான சொல்றான்? நீ ஜல்தி கிளம்பு."

அவளை இந்த வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்றுதான் அனுப்பினார்.

கதவைத் தாழிட்டார். முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். இனிப் பின்னால் எதுவும் வர முடியாது.

டி.வி. இரைந்தது...

நின்றது.

ஆறு.

பனிமூட்டத்தில் லாரி மோதி, அந்த ஆறு மணி பஸ் நசுங்கியது. வடிவு ஆஸ்பத்திரி வரைக்கும்கூடப் போகவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் நர்ஸ் அக்னஸ் வந்தாள். அன்று அதே ஸ்டாப்பில் வேறு பஸ்ஸுக்கு நின்றவள்.

"உங்க வீட்டம்மா ஏறாம, படிகிட்டயே நின்னு பேசிட்டிருந்தாங்க சார்."

"யார்கூட?"

"அதான் சார்... யாருமில்ல. யாரோ கையப் புடிச்சு இழுக்கிற மாதிரி..."

"என்ன சொன்னா?"

"'விடுங்கண்ணே, அது டைம் இல்லன்னு அவரு சொல்லிட்டாரு'ன்னாங்க. கைய உதறிட்டு ஏறிட்டாங்க."