முதுகு காட்டியவளுக்கு ஒரு மாலை

என் அத்தை கொளஞ்சியம்மாளுக்குப் பொறாமை ஜாஸ்தி. குறையாகச் சொல்லவில்லை. சிலருக்குச் சர்க்கரை, சிலருக்கு ரத்தக்கொதிப்பு, அத்தைக்கு இது. இதற்கு மாத்திரை கிடையாது என்பதால் அறுபது வயதுக்கு மேலும் அதை வைத்துக்கொண்டே சமைத்தாள், துவைத்தாள், கோயிலுக்குப் போனாள். ஒரு மியூசியத்தையும் நடத்தினாள்.

மியூசியம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். திருப்பாதிரிப்புலியூரில் அத்தை வீட்டின் முன்பக்கத்து இரண்டு அறைகள்தான் அது. அத்தையின் புருஷன் சிங்காரம் மாமா ஓவியர். வெறும் ஓவியர் என்றால் சேரனுக்குக் கோபம் வரும். நவீன ஓவியர் என்று சொல்ல வேண்டும். சேரன் பள்ளிக்கூடத்தில் மாமாவிடம் படித்தவர். சென்னையில் விளம்பரக் கம்பெனி வைத்து நன்றாக இருக்கிறார். மாமா இறந்த மறுவருஷம், 2004-இல், வந்து உட்கார்ந்து, சாரின் படங்களைப் பரணில் போட்டு வைப்பது பாவம் என்று அழாத குறையாகப் பேசி அத்தையைச் சம்மதிக்க வைத்தார். அடுத்த தை மாதம் சுவருக்கு வெள்ளை அடித்து, விளக்குகள் மாட்டி, வாசலில் ‘சிங்காரம் ஓவியக்கூடம்’ என்று பலகை வைத்தார்கள். அத்தை பின்கட்டுக்குக் குடிபோனாள்.

எதிர்வீடு எங்களுடையது. நான் அத்தைக்கு அண்ணன் மகள், பெயர் ரேகா. அத்தைக்குப் பிள்ளை இல்லை என்பதால் அந்த வீட்டில் எனக்கு உரிமையும் உண்டு, வேலையும் உண்டு.

மாமாவின் படங்களுக்கு அர்த்தம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒன்று மீன் போலவும் இருக்கும், கவிழ்த்துப் போட்ட படகு போலவும் இருக்கும். ஆனால் சில படங்கள் யாருக்கும் புரியும்படி இருந்தன. அத்தையின் அரிவாள்மனை ஒரு சுவர் முழுக்க இருந்தது. அத்தையின் தோசைக்கல், அத்தை சாம்பல் போட்டுத் தேய்த்த பித்தளைக் குடம், அவள் கொடியில் காயப்போட்ட புடவை எல்லாம் இருந்தன. அத்தை மட்டும் எங்கேயும் இல்லை. கல்யாணமான புதிதில் என்னை ஒரு படம் போடுங்களேன் என்று அத்தை கேட்டிருக்கிறாள். போடலாம் போடலாம் என்றாராம் மாமா. போடவே இல்லை.

“அருவாமனய வரஞ்சாரு. அதப் புடிச்சிக் காய் நறுக்குன கைய வரையணும்னு தோணல பாரு,” என்பாள் என்னிடம். அரிவாள்மனையைப் பார்த்தே பொறாமைப்பட்ட ஒரே பெண்பிள்ளை எனக்குத் தெரிந்து என் அத்தைதான்.

அரிவாள்மனையாவது போகட்டும். உள்ளறையில் நடுச்சுவரில் ஒருத்தி இருந்தாள்.

கெடிலம் ஆற்றில் குளித்துவிட்டுக் கரைக் கல்லில் உட்கார்ந்திருக்கிறாள். நம் பக்கம் முதுகு. ஈரப்புடவை தோளிலிருந்து நழுவி, முதுகு முழுக்க வழவழவென்று வெயிலில் மின்னுகிறது. பிரித்துவிட்ட கூந்தல் ஒரு பக்கமாக ஒதுங்கி இடுப்புக்குக் கீழே தொங்குகிறது. முகம் தெரியாது. மாமா இவளை மட்டும் ஏழெட்டு முறை வரைந்திருக்கிறார், இதுதான் பெரிது. வருகிறவர்கள் எல்லோரும் அரிவாள்மனையைத் தாண்டி, மீனைத் தாண்டி, இவள் முன்னால் போய் நின்றுவிடுவார்கள். பிறகு திரும்பி, “யாரும்மா இது, சாரோட வீட்டுக்காரம்மாவா?” என்று வீட்டுக்காரம்மாவிடமே கேட்பார்கள்.

அது தன் முதுகு இல்லை என்று அத்தைக்கு நிச்சயமாகத் தெரியும். சின்ன வயதில் கஞ்சி வடிக்கும்போது பானை சரிந்து அவள் முதுகில் கொட்டியிருக்கிறது. வலது தோளிலிருந்து இடுப்பு வரை தழும்பு. படத்துக்காரியின் முதுகில் ஒரு கொசுக்கடிகூட இல்லை.

அப்படியானால் யார் என்பதும் அத்தைக்குத் தெரியும். அப்படித்தான் அவள் நினைத்தாள். மாமாவுக்கு வேலை சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், ஓவிய ஆசிரியராக. திங்கள்கிழமை காலையில் பஸ் ஏறினால் சனிக்கிழமை சாயங்காலம்தான் வீடு. நடுவில் தெற்கு வீதியில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். அதே பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் வித்யாலட்சுமி. கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஆண்டு விழாவுக்கு அத்தையை மாமா ஒரு தடவை அழைத்துப்போனார். டீச்சர் மேடையில் சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு கடவுள் வாழ்த்துப் பாடினார். மாமா பாட்டு முடிகிற வரைக்கும் மேடை ஓரத்தில் நின்று கண்ணை எடுக்காமல் பார்த்தார் என்பது அத்தையின் சாட்சியம். அடுத்த மாதமே ஒரு சுருதிப்பெட்டியை வரைந்தார். அந்தப் படமும் முன்னறையில் தொங்கியது. அதன்மேல் தூசி படிந்தால் அத்தை துடைக்க மாட்டாள். நான்தான் துடைக்க வேண்டும்.

ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று சேரன் எத்தனையோ முறை சொன்னார். அத்தை கேட்கவில்லை. காலையில் கதவு திறப்பதும், சாயங்காலம் பூட்டுவதும், சாவியை இடுப்பில் செருகிக்கொள்வதும் அவள்தான். புருஷன்மேல் எவ்வளவு பக்தி என்று தெருவே பேசியது. எனக்கல்லவா தெரியும். அந்தப் படத்துக்காரியை இன்னொருவர் பொறுப்பில் விட்டுவிட்டுத் தூங்க அவளால் முடியாது.

2009-இல் மாமாவின் திதிக்குப் பூக்கடையிலிருந்து வந்தபோது அத்தையின் பையில் இரண்டு மாலை இருந்தது. ஒன்றை மாமாவின் போட்டோவுக்குப் போட்டாள். முக்காலியை உள்ளறைக்கு இழுத்துப்போய், மற்றதை முதுகு காட்டியவளின் சட்டத்தில் மாட்டி, கீழே சந்தனம் வைத்து அதில் குங்குமமும் வைத்தாள். எனக்குத் திக்கென்றது. உயிரோடு இருக்கிறவர்கள் படத்துக்கு மாலை போடுவார்களா? வித்யாலட்சுமி டீச்சர் ஓய்வு பெற்றுச் சிதம்பரத்தில் நன்றாகத்தான் இருக்கிறார் என்று போன வாரம்தான் யாரோ சொல்லியிருந்தார்கள்.

“என்னாத்த இது?” என்றேன்.

“எனக்குச் செத்துட்டா,” என்றாள் அத்தை. முக்காலியிலிருந்து இறங்கும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பல வருஷத்துப் பொறாமை ஒரு முழ மாலையில் தீர்ந்துவிடும் என்றால் நான் ஏன் தடுக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். வாடினால் எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். மாமாவுக்குக்கூட வெள்ளிக்கிழமைதான் புதுப் பூ. அவளுக்கு எப்போதும் வாடாமல் இருந்தது.

வினை இரண்டாம் மாதம் வந்தது. புதுச்சேரியிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் கேமராவோடு வந்தார். கதவைத் திறந்த அத்தை சாயம்போன புடவையில் துடைப்பத்தோடு நின்றதால் வேலைக்காரம்மா என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. மாலை போட்ட படத்தைக் காட்டி, இவுங்க இப்ப இல்லையா என்று கேட்டிருக்கிறார். அத்தை சந்தோஷமாக, இல்ல, போய்ச் சேந்துட்டா என்றிருக்கிறாள். சாருக்கு வேண்டியவங்களா என்று அடுத்த கேள்வி. “ரொம்ப வேண்டியவ,” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதாக அத்தையே பிற்பாடு ஒப்புக்கொண்டாள்.

மறுவாரம் பத்திரிகையில் முழுப்பக்கம். நடுவில் மாலையோடு அந்தப் படம். கீழே, ஓவியர் சிங்காரமும் அவர் காலமெல்லாம் தீட்டிய காதல் மனைவி கொளஞ்சியம்மாளும் இன்று நம்மிடையே இல்லை, வண்ணங்களில் வாழ்கிறார்கள் என்று போட்டிருந்தது.

கீரப்பாளையத்திலிருந்து அத்தையின் ஒன்றுவிட்ட தம்பி சுப்பிரமணியன் வேன் பிடித்து ஆட்களோடு வந்து இறங்கினார். பெண்கள் தெருமுனையிலேயே ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டார்கள். அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் முறத்தோடு வெளியே வந்து, யார் வீட்டில் சாவு என்று அவர்களையே கேட்டாள். வந்தவர்களுக்குச் சோறு போட்டு அனுப்புவதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. அழ வந்தவர்கள் இரண்டாம் தரம் ரசம் வாங்கிச் சாப்பிட்டார்கள். சேரன் போனில் சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை.

“அவளச் சாவடிக்கப் போயி நான் செத்தேன்,” என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். “அதுலயும் பாரு, அவ முதுக எம்முதுகுன்னு போட்டுட்டான்.”

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஒல்லியாக, வெள்ளையில் சின்னக் கரை போட்ட புடவையோடு ஒரு வயதான அம்மா இறங்கினார். கையில் வாழையிலையில் சுற்றிய மாலை. என் வீட்டு வாசலிலிருந்து பார்த்த எனக்கே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. நான் தெருவைக் கடப்பதற்குள் அத்தை கதவைத் திறந்துவிட்டாள்.

வித்யாலட்சுமி டீச்சர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அத்தையின் முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த மாலையைப் பார்த்தார். நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டு, பத்திரிகையில் தப்பாகப் போட்டுவிட்டார்கள் டீச்சர் என்றேன். உள்ளே கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அத்தை உட்காரவில்லை.

“எனக்குத் துக்கம் கேக்க வந்தீங்களாக்கும்,” என்றாள்.

டீச்சர் தண்ணீரைக் குடித்து முடித்தார். “பொய் சொல்ல மாட்டேன்,” என்றார். “நீங்க இருக்கற வரைக்கும் இந்த வாசப்படி மிதிக்க எனக்கு மனசு வரல. போயிட்டீங்கன்னு படிச்சேன். இனிமே போயி அந்தப் படத்த நிம்மதியா ஒரு தரம் பாக்கலாம்னுதான் வந்தேன்.”

“ஒங்க படத்த நீங்க பாக்கறதுக்கு நான் எதுக்குச் சாவணும்?”

“என் படமா?” என்றார் டீச்சர்.

அவர் எழுந்து உள்ளறைக்குப் போனார். நாங்களும் பின்னாலேயே போனோம். மாலைக்கு நடுவில் அவள் எப்போதும் போல ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். டீச்சர் வெகுநேரம் பார்த்துவிட்டு, அத்தையின் பக்கம் திரும்பாமலே பேசினார்.

“ஸ்கூல்ல ஓவிய அறையில வச்சுத்தான் இத வரஞ்சாரு. யாரு சார்னு கேட்டேன். யாரா இருந்தா என்னன்னுட்டாரு. சனிக்கெழம ஆனா பஸ்ஸுக்கு ஓடுவாரே, அந்த வீட்டுக்காரிதான்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். அன்னையிலேருந்து ஒங்களப் பாத்து எரிஞ்சிருக்கேம்மா. எனக்கு அவரு மேல ஆச இருந்தது நெசம். அவரு பாக்கல. ஒரு கோடு, எம்மூஞ்சியப் பாத்து ஒரே ஒரு கோடு போட்டிருந்தாக்கூடப் போதும்னு இருந்தேன். என் சுருதிப்பெட்டிய வரஞ்சாரு.”

“எனக்கு அருவாமன,” என்றாள் அத்தை.

ஆனாலும் அத்தை லேசில் விடுகிறவள் இல்லை. டீச்சர் கொஞ்சம் திரும்புங்க என்றாள். டீச்சர் மறுபேச்சில்லாமல் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டீச்சரின் முதுகைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடி முதுகைப் பார்த்தாள். இறங்கிய சின்னத் தோள், துருத்திய எலும்பு. டீச்சரின் முடி தோளைத் தாண்டவில்லை. வயதில் கொட்டிவிட்டதா என்று அத்தை கேட்டதற்கு, சின்ன வயதில் டைபாய்டு வந்ததிலிருந்தே இவ்வளவுதான் என்றார் டீச்சர். படத்துக்காரியோ பூசினாற்போன்ற உடம்புக்காரி. எந்த வயதிலும் டீச்சர் அவளாக இருந்திருக்க முடியாது.

“நீங்க?” என்றார் டீச்சர்.

அத்தை திரும்பி நின்று, ரவிக்கையின் பின்கழுத்தை ஒரு விரலால் இழுத்துக் காட்டினாள். தழும்பின் மேல்நுனி தெரிந்தது. டீச்சர் அதை மெதுவாகத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் காப்பி போட்டுக்கொண்டு வந்தேன், ஆறிப்போயிற்று. ஊரில் தெரிந்த ஒவ்வொரு பெண்ணாக அத்தை சொல்லிப் பார்த்தாள். டீச்சர் சிதம்பரத்தில் தெரிந்த ஒவ்வொருத்தியாகச் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் பொருந்தவில்லை. ஆற்றங்கரையில் ஒரு நிமிஷம் கண்ணில் பட்டவளாக இருக்கலாம். ஒருத்தியுமே இல்லாமல் அவர் மனத்திலிருந்து எடுத்ததாகவும் இருக்கலாம் என்று நான் சொன்னேன். அதைக் கேட்டதும் அத்தையின் முகம் சுருங்கிப்போயிற்று.

“அது நீங்களா இருந்திருந்தாக்கூடத் தேவல டீச்சர்,” என்றாள். அவள் அழுது நான் பார்த்தது மாமாவின் சாவுக்கு அப்புறம் அன்றைக்குத்தான். “ஆளு யாருன்னாவது தெரிஞ்சிருந்துது.”

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று டீச்சர் எழுந்தார். வாழையிலையைப் பிரித்து, அத்தைக்கென்று கொண்டுவந்த மாலையை எடுத்தார். சிதம்பரம் கட்டு மாலை, நெருக்கமாக மருக்கொழுந்து வைத்துக் கட்டியது. அதை என்ன செய்வது என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு, அந்த முக்காலியைக் கொஞ்சம் இப்படிப் போடும்மா என்றார் என்னிடம். அத்தை என்னை விலக்கிவிட்டுத் தானே இழுத்துப்போட்டு, டீச்சர் விழுந்துவிடாமல் முழங்காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் பழைய மாலையின் மேலேயே புதியதையும் போட்டார்.

அதற்கப்புறம் மாதத்தில் ஒரு ஞாயிறு டீச்சர் மாலையோடு வந்துவிடுவார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அத்தை காப்பிக்கு அடுப்பு மூட்டுவாள். இரண்டு பேரும் உள்ளறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இடுப்பு கொஞ்சம் பெரிசு, தலைமுடி சவுரியாகத்தான் இருக்கும் என்று அவளைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். அப்படி ஒரு நாள், நெய்வேலியிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர் மாலையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, இது யாரும்மா என்று கேட்டார்.

அத்தை டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தலையை ஆட்டினார்.

“எங்க ரெண்டு பேருக்கும் ஆவாதவ,” என்றாள் அத்தை. “செத்துட்டா.”