ஈறுக்குள் போட்ட தையல்

துணிக்கடையின் பின்னறையில் அவள் தைப்பாள், பக்கத்து மேசையில் இஸ்திரிக்காரர் தேய்ப்பார். பதினோரு வருடப் பழக்கம். வாய் ஓயாமல் பேசுகிற அந்த மனிதர் ஒருநாள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. கொஞ்ச நாளா உங்க வாயில வாடை வருது. ஒரு தடவ டாக்டர்ட்ட காட்டிடுங்க."

அவளுக்கு முகம் செத்துவிட்டது. "நீ உன் வேலையப் பாரு!" என்று வெடுக்கென்று சொன்னவள், ஒரு வாரம் அவருக்கு முகம் கொடுக்கவே இல்லை. பல் துலக்கித் துப்பினால் சிவப்பாக விழுவது அவளுக்குத் தெரியாததா? மூன்று வருடமாகத் தெரியும். பிறகு ஒரு நாள், நூலைக் கடித்து அறுக்கும்போது கீழ்வரிசை முன்பல் ஆடியது. அன்று மாலையே பல் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

பல்லில் படிந்த காரை ஈறுக்கு அடியில் இறங்கி, பல்லைத் தாங்கும் எலும்பை அரித்திருந்தது. பல் டாக்டரம்மா முதலில் சுத்தம் செய்து பார்த்தார். ஆறு வாரம் கழித்தும் கீழ்வரிசை தேறவில்லை.

"ஈறைத் திறந்துதான்மா சுத்தம் பண்ணணும்."

"எல்லாத்தையும் பிடுங்கிடுவீங்களா?"

"பிடுங்காம இருக்கத்தான் திறக்கிறேன்."

ஊசி போட்டதும் தாடை மரத்துப்போனது. வலியில்லை, வேரைச் சுரண்டும் சத்தம் மட்டும் காதுக்குள் கேட்டது. கடைசியில் வளைந்த ஊசியால் ஈறைத் தைத்தார்கள்.

வீட்டில் கண்ணாடி முன் உதட்டை இழுத்துப் பார்த்தாள். வீங்கிய கன்னத்தோடு குழறினாள்: "முடிச்செல்லாம் ஒரே பக்கம். நல்ல கை!"

கணவர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. "வாடை வந்தது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். நீ வருத்தப்படுவியேன்னுதான்..."

"இனிமே வருத்தப்பட வைங்க."

பத்தாம் நாள் தையலைப் பிரித்தார்கள். மூன்று மாதத்தில் ஈறு இறுகியது. கடைவாய்ப் பல் ஒன்று மட்டும் போயிற்று. அது முன்பே கைவிட்ட கேஸ் என்றார் டாக்டரம்மா. மற்றவையெல்லாம் நின்றுவிட்டன, அந்த முன்பல் உட்பட.

அந்தச் சேதியோடு நேரே இஸ்திரி மேசைக்குப் போனாள்.

"பெத்த பிள்ளைங்ககூடச் சொல்லல. நீ சொன்ன. நான் உன்னைக் கடிச்சேன்."

"சொல்லிட்டு எனக்கும் ரெண்டு நாள் சோறு இறங்கலக்கா. பதினோரு வருசப் பழக்கம் போச்சேன்னு இருந்தது."

"உன் வாய்க்குச் சர்க்கரை போடணும்."

"ஐயோ வேணாங்க்கா! அப்புறம் நானும் அந்த டாக்டரம்மாகிட்டதான் போய்ப் படுக்கணும்."

அவள் கையால் வாயை மறைக்காமல் சிரித்தாள்.